பாலைவனத்தில் யானை! நமீபியாவில் ஓர் அதிசயப் பிரயாணம்

பொழுது இப்போதுதான் விடிகிறது. குளிர் உடம்பை நடுக்குகிறது. எங்கு பார்த்தாலும் மணல். மணல் மேட்டின் மீது ஒரு மனிதர் குந்தி உட்கார்ந்து, தரையை உற்றுப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

"என்ன பார்க்கிறீர்கள்?" என்று பிரயாணிகள் கேட்கிறார்கள்.

"காலைப் பத்திரிகை படிக்கிறேன்!" என்கிறார் அவர்.

எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் அவர் சொன்னது வெறும் வேடிக்கை அல்ல. மணலில் விரலை வைத்துக் காட்டுகிறார்.

"இதோ பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகள். இது பல்லியின் கால் தடம். ராத்திரி இந்த வழியாக ஓடி வந்திருக்கிறது. இந்த இடத்தில் தடம் நின்றுவிட்டது. மணல் கலைந்து இருக்கிறது. அதற்கு அப்பால் வளைந்து வளைந்து கோடு போகிறது. அது பாம்பு. பாம்பு மணலுக்குள் ஒளிந்து கிடந்தது. பல்லி வந்தது. அதோடு பல்லியின் கதை முடிந்தது!"

பிரயாணிகள் மறுபடியும் மணலைப் பார்க்கிறார்கள். இப்போது அவர்களுக்கும் அந்தச் செய்தி தெரிகிறது.

இந்த மனிதர்தான் வழிகாட்டி. ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கோடியில் இருக்கும் நமீபியா நாட்டில், அவரைப் போன்ற வழிகாட்டிகள் பலர் இருக்கிறார்கள். மணலைப் பத்திரிகை என்று சொல்வது அவர்கள் வழக்கம். வாருங்கள், அப்படி ஒரு வழிகாட்டியோடு நாமும் அந்த நாட்டைச் சுற்றி வருவோம்.

ஆள் இல்லாத நாடு

நமீபியா பெரிய நாடு. பரப்பு 8 லட்சத்து 24 ஆயிரம் சதுர கிலோமீட்டர். ஆனால் ஜனங்கள் மிகக் குறைவு. 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 30 லட்சம் பேர்தான். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 4 பேர் கூட இல்லை!

காரணம் என்ன? தண்ணீர் இல்லை. அதுதான் காரணம்.

நாட்டின் மேற்கே அட்லாண்டிக் சமுத்திரம். அந்தக் கடலை ஒட்டி நெடுகிலும் நமீப் பாலைவனம். உலகத்தின் மிகப் பழமையான பாலைவனங்களில் இதுவும் ஒன்று. இதன் பெயரில் இருந்துதான் நாட்டுக்கும் பெயர் வந்தது.

"பக்கத்தில் கடல் இருக்கிறதே, மழை பெய்யாதா?" என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. தெற்கே இருந்து மிகக் குளிர்ந்த நீரோட்டம் ஒன்று இந்தக் கரையோரமாக வருகிறது. பெங்குவெலா நீரோட்டம் என்று அதற்குப் பெயர். கடல் நீர் குளிர்ந்து இருப்பதால் அதன் மேல் உள்ள காற்றும் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று மேலே எழும்புவது இல்லை. எழும்பினால்தானே மழை மேகம் உண்டாகும்? அதனால் மழை இல்லை. மழைக்குப் பதிலாக மூடுபனிதான் வருகிறது.

இந்த நாட்டை 1884 முதல் ஜெர்மானியர் ஆண்டார்கள். 1904-இல் ஹெரேரோ மக்கள் அவர்களை எதிர்த்துப் போராடினார்கள். ஜெர்மன் ராணுவம் அவர்களை வறண்ட பாலை நிலத்துக்குள் விரட்டியது. தண்ணீர்க் குழிகளுக்குக் காவல் போட்டது. தாகத்தால் செத்தவர்கள் எத்தனையோ பேர். 1908-க்குள் ஹெரேரோ, நாமா இனத்தவர் பல ஆயிரம் பேர் மாண்டார்கள். அது இனப்படுகொலைதான் என்று 2021-இல் ஜெர்மனி ஒப்புக்கொண்டது.

1915-இல் நாடு தென் ஆப்பிரிக்காவின் கைக்குப் போயிற்று. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 1990 மார்ச் 21-ந் தேதி நமீபியா சுதந்திரம் பெற்றது.

ஆறு வார் கட்டிய வாளி

தலைநகரம் விண்ட்ஹூக். அங்கேதான் நம் பிரயாணம் தொடங்குகிறது. வண்டி, உயரமான பெரிய ஜீப். இரண்டு மாற்றுச் சக்கரங்கள் இருக்கின்றன. குடிதண்ணீர் நிறைய இருக்கிறது. பெட்ரோல் பங்க்கைப் பார்த்த இடத்தில் எல்லாம் டாங்கியை நிரப்பிக்கொள்ள வேண்டும். அடுத்த பங்க் எத்தனையோ கிலோமீட்டருக்கு அப்பால்தான்!

தென்மேற்கே சரளைக்கல் ரோட்டில் நாள் முழுவதும் போனால் செஸ்ரீம் வருகிறது. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் அதற்கு "ஆறு வார்" என்று பொருள். இங்கே ஒரு ஆழமான பாறைப் பிளவு இருக்கிறது. அதன் அடியில் தண்ணீர் தேங்கும். அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில் வந்தவர்கள் மேலே நின்று வாளியை விட்டார்கள். ஒரு வாரில் எட்டவில்லை. ஆறு தோல் வார்களை ஒன்றோடு ஒன்று முடிந்த பிறகுதான் வாளி தண்ணீரைத் தொட்டதாம். ஊரின் பெயரே தண்ணீரின் ஆழத்தைச் சொல்கிறது.

செஸ்ரீமைத் தாண்டியதும் மணல் மலைகள் தொடங்குகின்றன. மஞ்சள் மணல் அல்ல, செங்கல் பொடியைப் போன்ற சிவப்பு மணல். மணலில் இரும்புச் சத்து இருக்கிறது. அது துருப்பிடித்துத்தான் இந்த நிறம். சில மேடுகள் ஆயிரம் அடிக்கு மேல் உயரம்.

இவ்வளவு மணல் எங்கே இருந்து வந்தது? தெற்கே ஆரஞ்சு நதி மலைகளை அரித்துக் கடலில் கொண்டுபோய்க் கொட்டியது. கடல் அதை வடக்கே தள்ளிக் கரையில் ஒதுக்கியது. காற்று அதை உள்நாட்டுக்கு வாரிக்கொண்டு வந்தது. நதி, கடல், காற்று மூன்றும் சேர்ந்து பல லட்சம் ஆண்டுகளாகச் செய்த வேலை இது! 2013-இல் ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இந்த மணற்கடலை உலகப் பாரம்பரியச் சொத்து என்று அறிவித்தது.

மணல் மேடுகளுக்கு நடுவே வெள்ளைக் களிமண் தரை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் டெட்வ்ளெய். அங்கே கறுத்த மரங்கள் நிற்கின்றன. இலை இல்லை. உயிர் இல்லை. ஒரு காலத்தில் இங்கே ஆறு வந்து தேங்கியது. மரங்கள் வளர்ந்தன. பிறகு மணல் வந்து ஆற்றை மறித்தது. மரங்கள் செத்தன. செத்து 600 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்னும் அவை உளுத்து விழவில்லை. உளுத்துப் போவதற்கும் ஈரம் வேண்டுமே, அதுவும் இங்கே இல்லை!

அந்த மேடுகளின் ஓரத்தில் ஒரு மான் தனியே நிற்கிறது. ஈட்டி போன்ற இரண்டு நீளக் கொம்புகள். முகத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை. அதுதான் ஓரிக்ஸ். தண்ணீர் கிடைக்காவிட்டாலும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். விடியற்காலையில் செடிகளைத் தின்று அவற்றில் உள்ள ஈரத்தை எடுத்துக்கொள்ளும். வெயிலில் அதன் உடம்பு கொதித்தாலும் மூளை கொதிப்பது இல்லை. மூச்சு விடும்போது மூக்கில் உள்ள இரத்தம் குளிர்கிறது. அந்த இரத்தம், மூளைக்குப் போகும் இரத்தத்தின் சூட்டைத் தணிக்கிறது.

பனியைக் குடிக்கும் வண்டு

இனி மேற்கே, கடலை நோக்கிப் போகிறோம். சுவாகோப்மண்ட் என்ற கடலோர ஊரில் இரவுத் தங்கல். காலையில் எழுந்து பார்த்தால் எதிரே இருப்பது தெரியவில்லை. அவ்வளவு மூடுபனி!

வழிகாட்டி நம்மை அருகில் உள்ள மணல் மேட்டுக்கு அழைத்துப் போகிறார். மேட்டின் உச்சியில் ஒரு கறுப்பு வண்டு. பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, தலைகீழாக நிற்கிறது. செத்துவிட்டதா? இல்லை. தண்ணீர் குடிக்கிறது!

காற்றில் வரும் பனி அதன் முதுகில் படிகிறது. துளிகள் ஒன்று சேர்ந்து கீழே உருண்டு வாய்க்குள் போகின்றன. 1976-இல் ஹாமில்டன், மேரி சீலி என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னார்கள். சில வண்டுகள் ஒரே காலையில் தங்கள் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் குடித்துவிடுகின்றன.

இங்கே ஒரு பல்லியும் இருக்கிறது. உடம்பு கண்ணாடி போல ஒளி ஊடுருவும். கண்ணுக்கு இமை இல்லை. கண்ணில் படியும் பனித்துளியை நாக்கால் நக்கிக் குடிக்கும். முதலில் பார்த்த பாம்பும் அப்படித்தான். தன் உடம்பின் மேல் படிந்த பனியைத் தானே நக்கிக்கொள்ளும்.

இவற்றை எல்லாம் வழிகாட்டி காட்டினால்தான் நாம் காண முடியும். தனியே போனால் வெறும் மணல்தான் தெரியும்.

ஆயிரம் வருஷம், இரண்டே இலை

ஊருக்குக் கிழக்கே கல் பரவிய சமவெளி. அங்கே தரையில் கிழிந்த கந்தல் துணி போல ஏதோ குவிந்து கிடக்கிறது. பக்கத்தில் போனால் அது ஒரு செடி! வெல்விட்சியா என்று பெயர். 1859-இல் அங்கோலா நாட்டில் இதைக் கண்ட வெல்விட்ச் என்ற ஆஸ்திரியத் தாவர நிபுணரின் பெயரை இதற்கு வைத்தார்கள்.

இந்தச் செடிக்கு வாழ்நாள் முழுவதும் இரண்டே இலைகள். அவை உதிர்வது இல்லை. வளர்ந்துகொண்டே இருக்கின்றன. காற்று அவற்றை நார் நாராகக் கிழித்துவிடுவதால் பல இலைகள் போலத் தோன்றுகின்றன. ஆயிரம் வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கும் செடிகள் இங்கே உண்டு. நமீபியாவின் அரசாங்கச் சின்னத்தில் இந்தச் செடிக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

"வண்டித் தடத்தை விட்டு ஒரு அடி கூட விலகக் கூடாது" என்று வழிகாட்டி கண்டிப்பாகச் சொல்கிறார். காரணம் இருக்கிறது. இந்தத் தரையில் சக்கரம் ஒரு தடவை பதிந்தால், அந்தத் தடம் பல பத்து வருஷங்களுக்கு அழியாது. மழை பெய்தால்தானே அழிவதற்கு! நாம் அவசரத்தில் செய்யும் தப்பை நம் பேரப்பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள்.

எலும்புக் கடற்கரை

கடலோரமாக வடக்கே போகிறோம். சுமார் 120 கிலோமீட்டர் தூரத்தில் கேப் கிராஸ். பார்ப்பதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும்! பாறை எல்லாம் கடல்நாய்கள். குட்டி போடும் காலத்தில் லட்சக்கணக்கில் கூடுகின்றன. குட்டிகள் ஆட்டுக்குட்டிகளைப் போலக் கத்துகின்றன. குள்ளநரிகள் சந்தர்ப்பம் பார்த்துச் சுற்றி வருகின்றன.

இதற்கும் வடக்கே உள்ள கரைக்கு "எலும்புக்கூட்டுக் கடற்கரை" என்று பெயர். திமிங்கில எலும்புகளும் உடைந்த கப்பல்களும் கிடக்கும் இடம். மூடுபனியில் வழி தெரியாமல் வந்து மோதிய கப்பல்கள் பல. நீந்திக் கரை சேர்ந்தாலும் பிழைப்பது கஷ்டம். முன்னே உப்புத் தண்ணீர். பின்னே மணல்.

1942 நவம்பரில் "டனிடின் ஸ்டார்" என்ற பிரிட்டிஷ் கப்பல் இங்கே தரை தட்டியது. கப்பலில் 106 பேர். கைக்குழந்தைகளும் இருந்தார்கள். காப்பாற்ற வந்த இழுவைக் கப்பலும் உடைந்தது. அதில் இருந்த மாலுமிகள் இரண்டு பேர் இறந்தார்கள். தண்ணீரும் உணவும் கொண்டுவந்த விமானம் மணலில் புதைந்தது. கடைசியில் விண்ட்ஹூக்கில் இருந்து லாரிகள் மணலைத் தோண்டித் தோண்டி வழி பண்ணிக்கொண்டு வந்து சேர்ந்தன. இவ்வளவு துன்பத்துக்கும் பிறகு, கப்பலில் வந்த 106 பேரும் உயிர் பிழைத்தார்கள். அந்த லாரிகளுக்குப் பல வாரம் பிடித்த அதே நாட்டில்தான், உள்ளூர் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்திருக்கிறார்கள்.

கல்லில் எழுதிய பாடம்

அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? அதற்கான சாட்சி கல்லில் இருக்கிறது. கடலை விட்டுக் கிழக்கே திரும்பி, டமாராலாந்து என்ற மலைப் பிரதேசத்துக்குப் போவோம்.

அங்கே ட்வைஃபெல்ஃபான்டெய்ன் என்று ஒரு இடம். வாயில் நுழையாத பெயர்! "சந்தேக ஊற்று" என்பது அதன் பொருள். இங்கே குடியேறிய ஒரு வெள்ளைக்காரர், ஊற்றில் நாளைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று எப்போதும் சந்தேகப்பட்டாராம். அதனால் வந்த பெயர். அவருக்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே இங்கே வேட்டைக்கார மக்கள் வந்து போனார்கள். அவர்கள் செம்பாறைகளில் 2,000-க்கும் மேற்பட்ட உருவங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி, யானை, சிங்கம் எல்லாம் உண்டு. கடல் இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். ஆனாலும் கடல்நாய் உருவம் கூட இருக்கிறது! 2007-இல் இது உலகப் பாரம்பரியச் சொத்து ஆயிற்று.

பாறைகளில் மிருகங்களின் காலடித் தடங்களையும் செதுக்கியிருக்கிறார்கள். அருகில் உள்ள டோரோ நவாஸ் மலையிலும் இப்படிப்பட்ட தடங்கள் ஏராளம். அவை வெறும் அலங்காரம் என்று நினைக்கலாம். ஆனால் ஒரு காரியம் நடந்தது. விஞ்ஞானிகள் கலஹாரியில் இருந்து மூன்று பேரை அழைத்து வந்தார்கள். மூவரும் சான் இனத்தவர். தடம் பார்ப்பதில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் 513 தடங்களைப் பார்த்தார்கள். "இது ஒட்டகச்சிவிங்கி, ஆண், வயதானது" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அவர்களால் படிக்க முடிந்தது! 2023-இல் இந்த ஆராய்ச்சி வெளிவந்தது.

இதே மூவரை 2013-இல் பிரான்சு நாட்டுக்கும் அழைத்துப் போனார்கள். அங்கே குகைக்குள், பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்தவர்களின் காலடிகள் களிமண்ணில் பதிந்து இருக்கின்றன. ஒரு குகையில் குதிகால் மட்டும் பதிந்த தடங்கள். "இது ஏதோ சடங்கு நடனம்" என்று படித்தவர்கள் சொல்லி வந்தார்கள். சான் மக்கள் பார்த்தார்கள். "நடனம் இல்லை. ஒரு ஆளும் ஒரு பையனும் களிமண் எடுத்துக்கொண்டு குதிகாலால் நடந்திருக்கிறார்கள்" என்றார்கள்.

காட்டு ஜனங்கள், ஒன்றும் அறியாதவர்கள் என்று ஒரு காலத்தில் அவர்களை ஏளனம் செய்தது உண்டு. ஆனால் மற்றவர்களால் படிக்க முடியாததை அவர்கள் படித்துக் காட்டினார்கள்.

வந்தது யானை!

டமாராலாந்தில் ஆறுகள் இருக்கின்றன. ஆனால் தண்ணீர் இல்லை. வருஷத்தில் சில நாள்தான் வெள்ளம் வரும். மற்ற நாள் எல்லாம் மணல் ஆறு. ஆனால் மணலுக்கு அடியில் ஈரம் இருக்கும். அதனால் கரையில் மரங்கள் பசுமையாக நிற்கின்றன.

வழிகாட்டி ஜீப்பை நிறுத்துகிறார். "பேசாதீர்கள். கீழே இறங்காதீர்கள்" என்கிறார். ஆற்று வளைவில் புழுதி எழுகிறது. முதலில் ஒரு கிழட்டுப் பெண் யானை. அதன் பின்னால் மற்ற யானைகள். நடுவில் ஒரு குட்டி!

பாலைவனம் என்றால் ஒட்டகம்தான் நம் நினைவுக்கு வரும். இங்கே யானை! இது தனி இனம் அல்ல. மற்ற ஆப்பிரிக்க யானைகளைப் போன்றதுதான். வாழும் விதம்தான் வேறு. தண்ணீர் இல்லாமல் சில நாள் பொறுத்துக்கொள்ளும். ஆற்று மணலைத் தும்பிக்கையாலும் காலாலும் தோண்டி ஊற்றுக் குழி எடுக்கும். யானை குடித்துவிட்டுப் போன பிறகு அதே குழியில் மற்ற மிருகங்கள் குடிக்கும். எந்த மாதத்தில் எங்கே தண்ணீர் என்பது கிழட்டுப் பெண் யானைக்குத் தெரியும். அதைக் கொன்றுவிட்டால் கூட்டமே வழி தெரியாமல் தவிக்கும்.

அப்படிக் கொன்ற காலமும் இருந்தது.

வேட்டைக்காரர் காவல்காரர் ஆனார்

1980-ஐ ஒட்டிய வருஷங்களில் இந்தப் பகுதியில் கொடிய வறட்சி. மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மாட்டை நம்பி வாழ்ந்த ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். அதே சமயம் யானைத் தந்தத்துக்கும் காண்டாமிருகக் கொம்புக்கும் வெளியே நல்ல விலை. துப்பாக்கிகள் வெடித்தன. யானையும் காண்டாமிருகமும் அடியோடு அழிந்துவிடும் என்ற நிலைமை வந்தது.

அப்போது கார்த் ஓவன்-ஸ்மித் என்பவர் கிராமத் தலைவர்களிடம் போனார். போலீசைக் கொண்டு மிரட்டவில்லை. "இந்த மிருகங்கள் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டுமா, வேண்டாமா?" என்பதுதான் பேச்சு. "வேண்டும்" என்றார்கள் தலைவர்கள். அவர்களே தங்கள் ஆட்களில் இருந்து காவல்காரர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். சம்பளம் சொற்பம். அதோடு உணவுப் பொருள். முன்பு திருட்டு வேட்டை ஆடியவர்களும் அதில் சேர்ந்தார்கள். மிருகத்தின் தடம் அவர்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? கொல்வதற்குப் பயன்பட்ட அந்தப் படிப்பு இப்போது காப்பதற்குப் பயன்பட்டது. 1993-இல் ஓவன்-ஸ்மித்துக்கும் அவருடன் உழைத்த மார்கரெட் ஜேக்கப்சன் அம்மையாருக்கும் கோல்ட்மன் பரிசு கிடைத்தது.

இன்னொரு அநியாயமும் இருந்தது. வெள்ளைக்காரப் பண்ணையாருக்குத் தம் நிலத்தில் உள்ள காட்டு மிருகங்கள் மீது உரிமை இருந்தது. கறுப்பு மக்களுக்கு அது இல்லை. மிருகம் ஆட்டைத் தின்றால் நஷ்டம் அவர்களுக்கு. மிருகத்தால் வரும் வருமானம் வேறு யாருக்கோ! சுதந்திரத்துக்குப் பிறகு 1996-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கிராம மக்கள் ஒன்று சேர்ந்து "கன்சர்வன்சி" என்ற பாதுகாப்புச் சங்கம் அமைக்கலாம், உல்லாசப் பிரயாணிகளால் வரும் வருமானம் அவர்களுக்கே என்று ஆயிற்று. 1998-இல் முதல் நான்கு சங்கங்கள் பதிவாயின. பிறகு 80-க்கு மேல் பெருகின. நாட்டின் பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அவற்றின் கீழ் வந்தது.

நாம் தங்கும் கூடாரத்தில் சமைப்பவர், காண்டாமிருகத்தின் தடத்தைப் பின்பற்றிக் கால்நடையாகப் போகும் காவலர், நம் வழிகாட்டி போன்றவர்கள் எல்லோரும் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கிராமத்தார்தான்.

தொட்டிக்குச் சுவர்

இதோடு எல்லாக் கஷ்டமும் தீர்ந்துவிட்டதா? இல்லை. யானைகள் பெருகினால் அவற்றுக்கும் தண்ணீர் வேண்டும் அல்லவா?

கிராமத்தில் ஒரு காற்றாடி பம்பு. பக்கத்தில் ஒரு தொட்டி. ஆடும் மாடும் மனிதரும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். ராத்திரி யானைக் கூட்டம் வருகிறது. தண்ணீரின் வாசனை அதற்கு வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். குழாயைப் பிடுங்குகிறது. தொட்டியை உடைக்கிறது. காலையில் தண்ணீர் எல்லாம் மண்ணோடு போய்விட்டது. குழந்தைகளோடு இருக்கும் அந்தத் தாய் என்ன செய்வாள்? யானை அழகான பிராணி என்று அவளிடம் போய்ச் சொல்ல முடியுமா?

இதற்கு ஒரு வழி கண்டார்கள். தொட்டியையும் பம்பையும் சுற்றிக் கனமான கல் சுவர் எழுப்புகிறார்கள். யானைக்கு என்று சுவருக்கு வெளியே தனித் தொட்டி. வெளிநாட்டில் இருந்து வரும் இளைஞர்களும் தங்கள் சொந்தச் செலவில் வந்து கல் சுமந்து சுவர் கட்டுகிறார்கள்.

சோதனைகள் மேலும் வந்தன. 2020-இல் கொரோனா நோயால் பிரயாணிகள் வருவது நின்றது. சங்கங்களின் வருமானமும் நின்றது. 2024-இல் மீண்டும் கடும் வறட்சி. மே மாதம் அரசாங்கம் நெருக்கடி நிலையை அறிவித்தது. ஆகஸ்டில், 723 காட்டு மிருகங்களைக் கொன்று இறைச்சியைப் பசித்த மக்களுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தது. அதில் 83 யானைகள், 300 வரிக்குதிரைகள். உலகம் முழுவதும் கண்டனம் எழுந்தது. "இருக்கும் புல்லும் தண்ணீரும் எல்லா மிருகங்களுக்கும் போதாது. மக்களும் பசியால் வாடுகிறார்கள்" என்பது நமீபியாவின் வாதம். யார் பக்கம் நியாயம் என்று வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது சுலபம். அங்கே வாழ்கிறவர்களுக்கு அது அவ்வளவு சுலபம் அல்ல.

நம் நாட்டுக்கு வந்த விருந்தாளி

டமாராலாந்தில் இருந்து கிழக்கே போகும் வழியில் பெரிய மாட்டுப் பண்ணைகள். வேலிக்கு அப்பால் புள்ளி போட்ட ஒரு மெல்லிய உருவம் ஓடி மறைகிறது. அதுதான் சீட்டா என்ற சிவிங்கிப்புலி. தரையில் இதைவிட வேகமாக ஓடும் பிராணி கிடையாது. கன்றுகளைக் கொல்கிறது என்று பண்ணைக்காரர்கள் இதைச் சுட்டுத் தள்ளினார்கள். 1994-இல் இருந்து அவர்களுக்குப் பெரிய காவல் நாய்களைக் கொடுக்கிறார்கள். நாய் மந்தையோடு இருந்தால் சீட்டா கிட்டே வருவது இல்லை. ஆடு தப்பியது. சீட்டாவும் தப்பியது.

நம் இந்தியாவில் சீட்டா அழிந்துவிட்டது என்று 1952-இல் அறிவித்தார்கள். 70 ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பர் 17-ந் தேதி, 8 சீட்டாக்கள் விமானத்தில் வந்து இறங்கின. மத்தியப் பிரதேசத்தில் உள்ள குனோ காட்டில் அவற்றை விட்டார்கள். அவை வந்தது இந்த நமீபியாவில் இருந்துதான்!

ராத்திரிக் குளக்கரையில்

பிரயாணத்தின் கடைசி இடம் எட்டோஷா தேசியப் பூங்கா. 22 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. 1907-இல் ஏற்பட்ட சரணாலயம். நடுவில் வெள்ளை வெளேர் என்ற மாபெரும் உப்புத் தரை. அதைச் சுற்றி ஆங்காங்கே தண்ணீர்க் குட்டைகள்.

ஒக்காகுவேயோ என்ற தங்கும் இடத்தில் ஒரு குட்டை இருக்கிறது. ராத்திரியில் அதற்கு விளக்குப் போடுகிறார்கள். தாழ்ந்த கல் சுவருக்கு இப்பால் பிரயாணிகள் உட்கார்ந்து இருக்கிறார்கள். பல தேசத்தார், பல மொழிக்காரர்கள். ஒருவரும் பேசவில்லை. குழந்தைகள் கூட வாயைத் திறக்கவில்லை.

முதலில் ஒரு குள்ளநரி வந்து நக்கிவிட்டு ஓடுகிறது. பிறகு ஒட்டகச்சிவிங்கி. சுற்றும் முற்றும் பார்த்து, முன்னங்கால்களை அகட்டிக் குனிகிறது. பிறகு யானைகள். அவை குடித்து முடிக்கும்வரை மற்றவை விலகி நிற்கின்றன. கடைசியில், இருட்டில் இருந்து ஒரு கறுப்புக் காண்டாமிருகம் வருகிறது. அதன் பின்னால் ஒரு குட்டி. இரண்டும் தண்ணீரில் வாய் வைக்கின்றன. அவை உறிஞ்சும் சத்தம் நமக்குக் கேட்கிறது.

மறுநாள் விடிகிறது. வழிகாட்டி வண்டிப் பாதையின் ஓரத்தில் நின்று தரையைக் காட்டுகிறார். நாம் அவரை ஒன்றும் கேட்கவில்லை. நாமே குனிந்து பார்க்கிறோம். மூன்று விரல் கொண்ட ஒரு பெரிய தடம். அதன் பக்கத்திலேயே அதே போன்ற ஒரு சின்னத் தடம். இரண்டும் தண்ணீர் இருக்கும் பக்கமாகப் போயிருக்கின்றன.